பொன்னேரிப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி இதுதான்: "மீஞ்சூர், பொன்னேரி பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்கிறார்கள். வேலை கொட்டும் என்று ஒரு சாரார், ஊரே போய்விடும் என்று இன்னொரு சாரார். உண்மையில் என்ன நடக்கும்? நிலம் இல்லாதவர்கள், சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள் நிலை என்ன?"

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எண்ணூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை புகைபோக்கி தெரிகிற எதையும் 'மண்டலம்' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் சிறப்பு மண்டலம் அல்ல. கும்மிடிப்பூண்டியில் இருப்பது மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டை. வாயலூரில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டைப் பகுதியில் எழும் 1,320 மெகாவாட் மின் நிலையத்துக்கு 'எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் திட்டம்' என்றே பெயர். இந்தப் பெயரால்தான் பாதிக் குழப்பம். அங்கே நடக்கப்போவது நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பது, ஏற்றுமதி உற்பத்தி அல்ல. சட்டப்படியான மண்டலத்தை இந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் மீஞ்சூரை ஒட்டிய நந்தியம்பாக்கத்தில் உள்ள தடையற்ற வணிகக் கிடங்கு மண்டலத்தைப் பார்க்கலாம். இறக்குமதிச் சரக்கு சுங்க வரி கட்டாமல் அங்கே கிடக்கும், வெளியே எடுக்கும்போதுதான் வரி. ஏக்கர் கணக்கில் கூரை இருந்தாலும் கிடங்குக்கு ஆள் அதிகம் தேவைப்படாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், லோடிங் ஆட்கள், சுங்க முகவரின் எழுத்தர், செக்யூரிட்டி, அவ்வளவுதான். ஆகவே 'மண்டலம் வருகிறது' என்று காதில் விழுந்ததும் கேட்க வேண்டியது உற்பத்தியா, கிடங்கா, மென்பொருளா என்பதை. மூன்றிலும் ஏக்கருக்கு வரும் வேலை எண்ணிக்கை முற்றிலும் வேறு.

உற்பத்தி மண்டலம் என்றே வைத்துக்கொள்வோம். 2006 பிப்ரவரி 10 முதல் நடைமுறையில் இருக்கும் 2005ஆம் ஆண்டு சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் உயிர்நாடி ஒரே கற்பனை: மதிலுக்கு உள்ளே இருக்கும் இடம் சுங்கக் கணக்கில் இந்தியா அல்ல. வெளிநாட்டிலிருந்து உள்ளே வருவதற்கு வரி இல்லை. உள்ளூரிலிருந்து உள்ளே போவது ஏற்றுமதி போல. உள்ளிருந்து மணலிக்கு ஒரு வண்டி சரக்கு வந்தால், அது சிங்கப்பூரிலிருந்து வந்தது போல சுங்க வரி கட்ட வேண்டும். வருமான வரியில் முதல் 5 ஆண்டு முழு விலக்கு, அடுத்த 5 ஆண்டு பாதி, அதன் பிறகு 5 ஆண்டு மறுமுதலீடு செய்யும் லாபத்தில் பாதி என்று இருந்த சலுகைதான் ஒரு காலத்தில் கம்பெனிகளை இழுத்தது. 2012இல் குறைந்தபட்ச மாற்று வரி, அதாவது சலுகை இருந்தாலும் லாபத்தில் கொஞ்சமாவது கட்ட வேண்டிய வரி, இந்த மண்டலங்களுக்கும் வந்தது. 2020க்குப் பிறகு தொடங்கும் புதிய யூனிட்டுகளுக்கு அந்த வருமான வரி விலக்கே கிடையாது. எனவே 'வரி இல்லாமல் கொள்ளை லாபம்' என்பது பழைய மண்டலங்களுக்குப் பொருந்தும் பேச்சு. இன்றைக்கு மிச்சமிருப்பது சுங்க வரியும் ஜிஎஸ்டியும் இல்லாத கொள்முதல்தான்.

இந்தக் கற்பனையின் விளைவு கேட்டில் தெரியும். 60 ரூபாய்க்கு உதிரிபாகம் இறக்குமதி செய்து 100 ரூபாய்க்கு ஒரு பொருள் செய்கிறார்கள், சுங்க வரி 10 சதவீதம் என்று வையுங்கள். மதிலுக்கு வெளியே இருக்கும் தொழிற்சாலை 60 ரூபாய்க்கு 6 ரூபாய் வரி கட்டிவிட்டு உள்ளூரில் விற்கும். மண்டலத் தொழிற்சாலை அதே பொருளை உள்ளூரில் விற்றால் 100 ரூபாய்க்கு 10 ரூபாய் கட்ட வேண்டும். இங்கேயே கூலி கொடுத்துச் சேர்த்த மதிப்புக்கும் வரி! அதே பொருள் தடையற்ற வணிக ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து வந்தால் வரி பூஜ்யமாகக்கூட இருக்கலாம். அதனால் மண்டலத் தொழிற்சாலை துறைமுகத்தைப் பார்த்துத்தான் நிற்கும், பக்கத்து ஊர்ச் சந்தையைப் பார்த்து நிற்காது. வெளிநாட்டு ஆர்டர் நின்றால் உள்ளூரில் விற்றுச் சமாளிக்கவும் வழி குறுகல்.

இதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சாட்சி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2006இல் உற்பத்தி தொடங்கி, உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்த ஆலை. சுற்றிலும் உதிரிபாகக் கம்பெனிகள். 2013இல் வருமான வரித் தகராறு, அடுத்த ஆண்டு மாநில அரசின் விற்பனை வரித் தகராறு. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. பிறகு வேறொரு நிறுவனம் அந்த வளாகத்தை வாங்கி மீண்டும் இயக்கியது, கட்டடம் வீணாகவில்லை. ஆனால் 18, 19 வயதில் லைனில் நின்று ஏழெட்டு ஆண்டு ஒரே வேலையைச் செய்த பெண்ணுக்கு, 26 வயதில் வெளியே வரும்போது கையில் வேறு தொழில் இல்லை. அதே வேலைக்கு அடுத்த கம்பெனி கேட்பதோ மறுபடி 18 முதல் 24 வயதுக்காரர்களை. வேலை வந்தது பொய் அல்ல, ஆனால் ஆலையின் ஆயுளைவிட அதில் ஒருவருக்கு இருக்கும் ஆயுள் குறைவு.

'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை' என்ற அறிவிப்பை எப்படிப் படிப்பது? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2014இல் மண்டலங்களைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்திருக்கிறார். அறிவிக்கப்பட்ட சுமார் 45,600 ஹெக்டேரில் சுமார் 28,500 ஹெக்டேரில்தான் செயல்பாடு தொடங்கியிருந்தது. ஆய்வுக்கு எடுத்த மண்டலங்களில் சொன்ன வேலைக்கும் வந்த வேலைக்கும் இடையே துண்டு விழுந்தது 66 சதவீதத்தில் தொடங்கி 97 சதவீதத்தை நெருங்கியது. இத்தனைக்கும் அனுமதிக் கடிதத்தில் இருக்கும் வேலை எண்ணிக்கை ஒரு மதிப்பீடு மட்டுமே. சட்டம் யூனிட்டைக் கட்டாயப்படுத்துவது நிகர அந்நியச் செலாவணி 5 ஆண்டில் கூட்டலில் இருக்க வேண்டும், அதாவது வெளிநாட்டுக்குப் போகும் பணத்தைவிட வரும் பணம் கூட இருக்க வேண்டும் என்பதற்கு. ஆள் எடுக்கவில்லை என்று எந்த யூனிட்டின் அனுமதியும் ரத்தாவதில்லை.

வரும் வேலையிலும் உள்ளூர்க்காரர் பங்கு ஏன் குறைகிறது என்றால், ஆள் எடுக்கும் முறையே காரணம். ஒப்பந்ததாரர்தான் ஆள் கொண்டு வருகிறார். வெளி மாவட்டத்துப் பெண்களை விடுதியில் தங்க வைத்து பஸ்ஸில் ஏற்றி இறக்கினால் மூன்று ஷிஃப்டும் தடையில்லாமல் ஓடும். வீட்டிலிருந்து வருபவர் ஊர்த் திருவிழா, கல்யாணம், சாவு என்று லீவு எடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வருபவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஊருக்கு வாடகை வருமானமாக வருகிறது: வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்தில் வரிசையாக லைன் வீடு கட்டி, ஒரு அறைக்கு நான்கைந்து பேர், தலைக்கு இவ்வளவு. பட்டா நிலம் வைத்திருப்பவருக்கு இது நல்ல காசு. அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் உள்ளூர்க் குடும்பத்துக்கு இது வெளியேறும் நோட்டீஸ், ஏனென்றால் நாலு பேர் பங்கு போட்டுக் கொடுக்கும் வாடகையை ஒரே சம்பளத்தில் கட்ட முடியாது.

'மண்டலத்துக்குள் தொழிலாளர் சட்டம் செல்லாது' என்று சொல்லி மிரட்டும் மேஸ்திரிகள் உண்டு. அது தவறு. மத்திய அரசு மண்டலங்களுக்குச் சட்ட விலக்கு தரலாம் என்று சொல்லும் அதே 49ஆம் பிரிவில், தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலன், வைப்பு நிதி, விபத்து இழப்பீடு, மகப்பேறு ஆகியவற்றுக்கு அந்த விலக்கு கூடாது என்று எழுதியிருக்கிறது. உண்மையான சிக்கல் வேறு. தொழிலாளர் ஆணையரின் அதிகாரத்தை மண்டலத்தின் வளர்ச்சி ஆணையருக்கு மாநில அரசு ஒப்படைக்கலாம். மண்டலத்துக்கு முதலீட்டை இழுப்பது யார் வேலையோ, அவரிடமே புகாரையும் கொடு என்றால் அது எவ்வளவு வேகமாக நகரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே செய்ய வேண்டியது: யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்) வாங்கி வைப்பு நிதி பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய யுஏஎன்னை விட்டுப் புதியது போடுவது வழக்கமான தில்லுமுல்லு. அப்படிச் செய்தால் உங்கள் சேவைக் காலம் துண்டு துண்டாகிவிடும், பழைய எண்ணையே கொடுங்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் ஓடினால் முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக கேட் பாஸின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருங்கள்.

இனி பட்டறைகள். திருவொற்றியூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் ஃபேப்ரிகேஷன், ரீவைண்டிங், பேக்கிங் பெட்டி செய்பவர்களுக்கு ஆர்டர் வரும். மெயின் லைனுக்கான உதிரிபாகம் கப்பலில்தான் வரும். உங்களுக்கு வருவது ரேக், டிராலி, பேலட், கைப்பிடிக் கிராதி, பழுது பார்ப்பு. இதில் பலர் கை சுடுவது பில் போடும் இடத்தில்.

உங்கள் பட்டறை மணலியில், மண்டலம் நந்தியம்பாக்கத்தில் என்றாலும் அது ஜிஎஸ்டியில் வெளிமாநில விற்பனை போலத்தான். மத்திய, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்துப் போட்டால் அந்த பில் செல்லாக்காசு. ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி மட்டுமே. வரி கட்டாமல் அனுப்ப வேண்டுமானால் நிதியாண்டு தொடக்கத்திலேயே ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவத்தில் உறுதிமொழிக் கடிதம் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாக. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்கு ஆகாது. பில்லில் 'சிறப்புப் பொருளாதார மண்டல யூனிட்டின் அங்கீகரிக்கப்பட்ட செயல்பாட்டுக்காக, உறுதிமொழிக் கடிதத்தின் பேரில், வரி செலுத்தாமல்' என்ற பொருளில் வாசகம் இருக்க வேண்டும். விற்பனைக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 6பி அட்டவணையில் ஏற்ற வேண்டும். சாதாரண விற்பனையில் ஏற்றிவிட்டு ரீஃபண்டு கேட்டால் மாட்டிக்கொள்ளும்.

பில்லைவிட முக்கியம், சரக்கு உள்ளே போய்ச் சேர்ந்தது என்று மண்டலத்தின் சுங்க அதிகாரி செய்யும் மேலொப்பம். அதற்கு 45 நாள் கெடு. ஒரு கணக்குப் போடுவோம். 3,00,000 ரூபாய்க்கு ரேக் செய்து கொடுக்கிறீர்கள், வரி 18 சதவீதம் என்றால் 54,000. அதை வாங்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். தகடு, ஆங்கிள் வாங்கியது 2,00,000, அதற்குக் கட்டிய வரி 36,000 உங்கள் கணக்கில் வரவாக நிற்கிறது. மேலொப்பம் கையில் இருந்தால் அந்த 36,000ஐ ஆர்எஃப்டி-01 போட்டு ரீஃபண்டாக வாங்கலாம், இரண்டு ஆண்டுக்குள். மேலொப்பம் இல்லையென்றால் அது உள்ளூர் விற்பனையாகி 54,000 ரூபாய் உங்கள் தலையில். லாபமே அவ்வளவுதான் இருக்கும். ஆகவே பேமென்டுக்குத் துரத்துவதுபோல மேலொப்பத்துக்கும் ஸ்டோர்ஸ்காரரைத் துரத்துங்கள். கடைசித் தவணையை வாங்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் 45 நாள் ஓடியிருக்கும்.

பழுது வேலையில் வேறு மாதிரி. மோட்டார் ஒன்று ரீவைண்டிங்குக்கு வெளியே வருகிறது என்றால் திரும்பி வரும் சரக்கு என்று பதிந்து, 120 நாளுக்குள் உள்ளே போயாக வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள வரிசை எண் கேட்டில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். மோட்டாருக்குப் பெயின்ட் அடிக்கும்போது பலகையின் மேலேயும் அடித்துவிட்டு, திரும்பும்போது கேட்டில் அரை நாள் நிற்பது வாடிக்கை. பலகைக்கு மேல் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். இன்னொன்று, கழற்றிய பழைய செம்புக் கம்பி. வெளியே அதைப் பட்டறையே வைத்துக்கொண்டு கூலியில் கழிப்பது வழக்கம். மண்டலத்தில் அந்தக் கம்பி யூனிட்டின் சரக்கு. எடை போட்டுத் திருப்ப வேண்டும், அல்லது வரி கட்டி வெளியே எடுத்ததாகக் காகிதம் வேண்டும். கூலி பேசும்போதே இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வேலை நஷ்டத்தில் முடியும். சொந்த வெல்டிங் மெஷின், கிரைண்டர் உள்ளே கொண்டுபோகும்போதும் அதேதான்: வரிசை எண்ணோடு கேட்டில் எழுதாமல் உள்ளே போன மெஷின் வெளியே வராது.

நிலம் பற்றி. மண்டலங்களுக்காக மாநில அரசுகள் கட்டாயமாக நிலம் எடுக்கக் கூடாது என்று, மேற்கு வங்கத்தில் நிலமெடுப்பை எதிர்த்து நந்திகிராமத்தில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 2007 ஏப்ரலில், மத்திய அமைச்சர் குழு முடிவெடுத்தது. ஆனால் தொழிற்பேட்டைக்கு என்று எடுத்த நிலத்தில் ஒரு பகுதியைப் பின்னால் மண்டலமாக அறிவிப்பது இங்கே பழகிய வழி. 2013ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டத்தில் தனியார் திட்டத்துக்கு 80 சதவீத உரிமையாளர் சம்மதம், சமூகத் தாக்க மதிப்பீடு எல்லாம் உண்டே என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தில். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மறு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுத் தொகை மத்தியச் சட்டத்தின் அளவில் கிடைக்கும், சம்மதமும் தாக்க மதிப்பீடும் கிடையாது. எனவே அந்த மாநிலச் சட்டத்தின் 3(2) பிரிவில் நோட்டீஸ் வரும்போதே ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். 3(1) அறிவிப்பு அரசிதழில் வந்துவிட்டால் நிலம் அன்றே அரசுக்குப் போய்விடும், அதன் பிறகு பேச மிச்சமிருப்பது தொகை பற்றித்தான். அந்த 3(2)இல் உரிமையாளர் மட்டுமல்ல, நிலத்தில் 'அக்கறை உள்ள வேறு நபர்' என்றும் இருக்கிறது. குத்தகைக்கு உழுபவர், தான் அந்த நபர் என்று எழுதிக் கொடுக்கலாம், அடங்கலில் (கிராமச் சாகுபடிப் பதிவேட்டில்) பெயர் இல்லாவிட்டாலும் குத்தகை கொடுத்த ரசீதை வைத்து.

பட்டாவே இல்லாத பிழைப்புகளுக்கு இந்தக் கதவும் இல்லை. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில், வாயில் பறியை (மீன் கூடையை)க் கவ்விக்கொண்டு இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தச் சேறுதான் வயல். வருவாய்த் துறை கணக்கில் அது புறம்போக்கு, யாருக்கும் இழப்பீடு இல்லை. பழவேற்காட்டில் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று 'பாடு' வைத்துப் பிரித்துக்கொள்ளும் முறையும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மண்டலம் இவர்கள் நிலத்தை எடுக்கவே வேண்டாம். மண் கொட்டி உயர்த்திய மனை ஒன்று ஓடை வாயை அடைத்தாலே போதும், நீர் ஏற்றம் குறைந்து இறால் போய்விடும். மழைக்காலத்தில் அதே தண்ணீர் ஊருக்குள் நிற்கும்.

தண்ணீர்க் கணக்கு இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே கெட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி கிணற்று வயல்களிலிருந்து பல ஆண்டுகள் நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் உறிஞ்சியதில் கடல் நீர் உள்ளே ஏறி, மீஞ்சூர் சுற்றுவட்டார நிலத்தடி நீர் உப்பானது. பிறகுதான் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இலும், மணலி ஆலைகளுக்கென்று கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் ஆலை 2019இலும் வந்தன. மணலியை மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009லேயே சேர்த்தது.

அதனால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையில் தொழிற்பேட்டையும் சிறப்பு மண்டலமும் 7(சி) என்ற ஒரே வகையில் வருகின்றன. பேட்டைக்கு ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால், பின்னால் அதற்குள் வரும் தனித்தனி ஆலைகளுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை. முதல் கூட்டத்தில் 'பொறியியல் பூங்கா' என்று சொல்லியிருப்பார்கள், ஐந்து வருடம் கழித்து உள்ளே சாயம் பூசும் யூனிட் வரும். அப்போது கேட்க உங்களுக்கு மேடை இருக்காது. கூட்டத்துக்கு 30 நாள் முன்பு நாளிதழில் விளம்பரம் வரும், சுருக்க அறிக்கை தமிழில் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். முழுதும் படிக்க நேரமில்லாவிட்டாலும் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தெந்த வகை ஆலைகளுக்கு அனுமதி கேட்கிறார்கள் என்ற பட்டியல், நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் தண்ணீர், எங்கிருந்து, மழைநீர் வடிகால் எந்த ஓடையில் போய்ச் சேர்கிறது. மூன்றாவதற்கான வரைபடத்தைக் கிராம வரைபடத்தின் புல எண்களோடு ஒப்பிடுங்கள். ஓடைப் புறம்போக்கு காணாமல் போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கூட்டத்தில் 'வீட்டுக்கு ஒரு வேலை' என்று கேட்டால் மேடையில் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில், பொன்னேரி வட்டத்து ஐடிஐ மாணவர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை அப்ரென்டிஸ் இடம், ஓடைக்கு இருபுறமும் இத்தனை மீட்டர் விடுவது, கன்டெய்னர் வண்டிகள் மீஞ்சூர் பஜார் வழியாக வராமல் வெளிவட்டச் சாலையைப் பிடிப்பது என்று அளவோடு எழுதிக் கொடுங்கள். கூட்டக் குறிப்பில் அது ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள், ஏனென்றால் குறிப்பும் வீடியோவும்தான் அனுமதி தரும் குழுவுக்குப் போகின்றன. அங்கே அது அனுமதியின் நிபந்தனையாக மாறினால், ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும், நிறைவேற்றினேனா இல்லையா என்று மண்டலத்தை நடத்துபவர்கள் அறிக்கை போட்டாக வேண்டும்.